நோன்பு நெஞ்சைக் கெடுப்பதில்லை, புகைதான் கெடுக்கிறது



நோன்பு மாதம் நெருங்கும்போதெல்லாம் நம் தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பும். காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். “பதிமூணு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம இந்த வெயில்ல குலை வெட்டினா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? இந்தப் பையனுங்களுக்கு ஈரல் காஞ்சுதான் போகும் பாருங்க.” இப்படிச் சொல்கிறவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பக்கத்து நிரையில் நிற்கிற பிள்ளையின் மேல் உள்ள இரக்கம்தான் அப்படிப் பேச வைக்கிறது.

நோன்பு நோற்கும் இளைஞர்களில் சிலரைக் கேட்டால் நேர் எதிராகச் சொல்வார்கள். “நோன்பு வெச்சா நெஞ்சுச் சளி எல்லாம் தானாக் கரஞ்சிடும் அண்ணே. மருந்தே வேண்டாம்.”

இவற்றில் எது உண்மை? இரண்டுமே உண்மையல்ல என்பதுதான் என் பதில். உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறதோ, அதைப் பற்றி இரண்டு தரப்பாரும் வாயே திறப்பதில்லை. அந்த ஆபத்து பகலில் இல்லை. மாலையில் மஃரிப் பாங்கு ஒலித்து, பேரீச்சம்பழம் வாய்க்குள் போன மறு நிமிடம் சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிறதே ஒரு பெட்டி, அதில் இருக்கிறது. இதைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

“இது முஸ்லிம்கள் சமாசாரம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த இளைஞர்கள் மிகுதி. அவர்களோடு நம் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் மலாய்த் தோழர்களும் இருக்கிறார்கள். ஒரே மண்டோரின் கீழ், ஒரே காட்டில் வேலை செய்கிறோம். ஒருவன் மூச்சு முட்டி விழுந்தால் அவனைத் தூக்குகிறவன் எந்த மதத்தவன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே இது எல்லாரும் அறிய வேண்டிய விஷயம்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு. நீண்ட கம்பைப் பிடித்து உயரத்துக் குலையை வெட்டும்போது இந்தக் கணக்கு பல மடங்கு ஏறும். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அந்தச் சுவர் வழியாகத்தான் பிராண வாயு இரத்தத்துக்குள் இறங்குகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது.

ஒருவனுடைய மூச்சின் பலத்தை அளக்கக் கருவி உண்டு. 1846-ம் ஆண்டிலேயே ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைச் செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்து பார்த்தார். இன்றும் ஆஸ்பத்திரியில் அதே முறைதான், கருவி மட்டும் சிறுத்துவிட்டது. நெஞ்சு நிறைய இழுத்து, பலமாக ஊத வேண்டும். நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞன் ஊதும் மொத்தக் காற்று நான்கு, ஐந்து லிட்டர் வரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் ஒரு விநாடியிலேயே வெளியே வந்துவிட வேண்டும். அப்படி வராமல் இழுத்து இழுத்து வந்தால் மூச்சுக் குழல் சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

நோன்பு நோற்கும் இளைஞர்களை இப்படி ஊதச் சொல்லிப் பாகிஸ்தானிலும் ஈரானிலும் மருத்துவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். நோயில்லாத, புகைக்காத ஆளுக்கு நோன்பினால் மூச்சின் பலம் கெட்டுப் போவதாக அவர்கள் காணவில்லை. சிறு ஏற்ற இறக்கம் தெரியலாம். அது உடம்பின் எடையும் நீரும் கொஞ்சம் மாறுவதால் வருவது. ஆகவே, ஈரல் காய்ந்து போகும் என்று பயமுறுத்துகிற பெரியவர்களே, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

இதற்குக் காரணமும் உண்டு. பகலில் சாப்பாடு இல்லாதபோது உடம்பு தன்னிடம் சேர்த்து வைத்த கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கொழுப்பு எரியும்போது, மாவுச் சத்து எரிவதைவிடக் குறைந்த கரியமில வாயுதான் உண்டாகும். வெளியே தள்ள வேண்டிய புகை குறைந்தால் நுரையீரலின் வேலையும் சற்றுக் குறையத்தானே செய்யும்? வயிறு காலியாக இருப்பதால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் தட்டு தாராளமாக இறங்கி ஏறுகிறது. மூட்டை போல் வயிற்றை நிரப்பிக்கொண்டு மூச்சு வாங்குவதைவிட இது சுலபம்.

அப்படியானால் நோன்பில் நெஞ்சுக்கு ஒரு சங்கடமும் இல்லையா? உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மூச்சுக் குழலின் உட்புறத்தில் ஈரமான சளிப் படலம் இருக்கிறது. தூசியை அது பிடித்துக்கொள்ளும், மெல்லிய மயிர் போன்ற இழைகள் அதை மேலே தள்ளி வெளியேற்றும். உடம்பில் நீர் குறைந்தால் இந்தச் சளி கெட்டியாகும். அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிற கிராணிக்கு இது பெரிய காரியமில்லை. வெயிலில் குலை வெட்டுகிறவனுக்கோ ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். ஆகவே நோன்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நோன்பாளியை எந்த நேரத்தில், எந்த வேலையில் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பாங்கு ஒலித்த பிறகு

இப்போது விஷயத்துக்கு வருவோம். தம்பிமார்களே, இது உங்களுக்கு.

நம் நாட்டில் விடியலுக்கு முன் தொடங்கி மாலை வரை, ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம் நீங்கள் சிகரெட்டைத் தொடுவதில்லை. தொட்டால் நோன்பு முறிந்துவிடும். இந்தப் பதின்மூன்றரை மணி நேரத்தில் உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

சிகரெட்டுப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அது இரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு. புகைப்பதை நிறுத்தினால் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். அதாவது, சஹருக்குப் பின் புகைக்காத ஒருவனுடைய இரத்தத்தில் மாலையில் அந்த விஷம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். நிக்கோட்டின் இன்னும் வேகம். இரண்டு மணிக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மாலைக்குள் அநேகமாகக் காலி. புகையினால் மயங்கிக் கிடந்த அந்த மெல்லிய இழைகளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும்.

இவ்வளவு நல்ல காரியத்தை உங்கள் நோன்பு உங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. பிறகு பாங்கு ஒலிக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்கு சீராப் தண்ணீர், உடனே கொங்சி வீட்டு வாசலில் பற்ற வைத்தாயிற்று. சாப்பிட்ட பிறகு ஒன்று. தராவீஹ் முடிந்து வந்ததும் இரண்டு. தூக்கம் வராமல் இன்னும் இரண்டு. சஹருக்கு எழுந்து, “இனிமே நாள் பூரா கிடைக்காதே” என்று அவசர அவசரமாக மூன்று. பகல் கணக்கையெல்லாம் இரவில் தீர்த்துவிடுகிறீர்கள்! நாளெல்லாம் வியர்வை சிந்தி, நீர் குறைந்து, சளி கெட்டியாகிக் கிடக்கிற நெஞ்சுக்குள் முதலில் அனுப்புவது புகையையா? இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தோனேசியத் தோழர்கள் விரும்பிப் புகைப்பது கிரெத்தெக். கிராம்புத் தூள் கலந்தது. “கிராம்பு மருந்து தானே, நெஞ்சுக்கு நல்லது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. ஜாவாவில் கூடூஸ் என்ற ஊரில் 1880-களில் ஹாஜி ஜம்ஹாரி என்பவர் தம் நெஞ்சு வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவிப் பார்த்து, பின் அதையே புகையிலையில் கலந்து புகைத்தார், அப்படிப் பிறந்ததுதான் கிரெத்தெக் என்பார்கள். நெஞ்சு நோய்க்கு மருந்தாகத் தொடங்கியது என்று சொல்லப்படுவது இன்று நெஞ்சு நோய்க்கே காரணமாக நிற்கிறது! கிரெத்தெக்கில் கிராம்பு மூன்றில் ஒரு பங்கு போலத்தான். மற்றதெல்லாம் புகையிலை. கிராம்பில் உள்ள சத்து தொண்டையை மரத்துப் போகச் செய்யும். பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் மரத்துப் போகிறதல்லவா, அதே கதைதான். தொண்டை மரத்துப்போனால் காரம் தெரியாது. காரம் தெரியாவிட்டால் இன்னும் ஆழமாக இழுப்பீர்கள். மருந்து என்று நம்பியது புகையை ஆழத்துக்குக் கொண்டுபோகிற வழிகாட்டியாகிவிடுகிறது.

“நான் வேப் தான் அண்ணே, சிகரெட் இல்ல” என்கிற தம்பிமார்களும் இருக்கிறார்கள். மார்க்கத்தின் பேரில் பேசுவதென்றால், நம் நாட்டு தேசிய ஃபத்வா மன்றம் 1995-ல் புகைப்பதை ஹராம் என்று கூறியது. 2015-ல் வேப்பையும் அவ்வாறே கூறியது. நான் மார்க்க அறிஞன் அல்ல. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிக்கோட்டின் உள்ள வேப் உங்களை அதே அடிமைத்தனத்தில்தான் கட்டிப் போடும்.

நாட்டின் கணக்கையும் பாருங்கள். 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், மலேசிய ஆண்களில் நூற்றுக்கு 40.5 பேர் புகைக்கிறவர்கள் என்று தெரிந்தது. பத்துப் பேரில் நால்வர்! நம் பெரட்டுக் களத்தில் தலைகளை எண்ணிப் பார்த்தால் அதற்கும் கூடுதலாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இழந்தது திரும்பாது

“இளவயசு, உடம்பு தாங்கும்” என்பீர்கள். தாங்கும், இன்று தாங்கும். 1977-ல் சார்ல்ஸ் ஃபிளெச்சர், ரிச்சர்ட் பீட்டோ என்ற இருவர் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். லண்டனில் வேலை பார்த்த ஆண்கள் எழுநூறு பேருக்கு மேல் எட்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து ஊத வைத்து அளந்தார்கள். அவர்கள் கண்டது என்ன?

வயது ஏற ஏற எல்லாருக்கும் மூச்சின் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அது இயற்கை. புகை தாக்குகிற உடல்வாகு உள்ளவர்களுக்கு அது வேகமாகக் குறையும். புகைப்பதை நிறுத்தினால் இழந்த பலம் திரும்பி வராது. ஆனால் அந்த நாளிலிருந்து குறைகிற வேகம் மறுபடி இயற்கை அளவுக்கு வந்துவிடும். இதன் பொருள் என்ன? இருபத்தைந்து வயதில் விடுகிறவன் அநேகமாக ஒன்றையும் இழக்காமல் தப்பித்துவிடுகிறான். ஐம்பதில் விடுகிறவன் மிச்சத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறான். விடாதவன் அறுபதில் லயத்து வாசற்படி ஏற முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து இரைக்கிறான். அப்படி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார்களே, பார்க்கவில்லையா?

நுரையீரல்தானே நம் மூலதனம்? துரைக்குப் பங்கு இருக்கிறது, பணம் இருக்கிறது. நமக்கு இரண்டு கையும் ஒரு நெஞ்சும்தான். நெஞ்சு போனால் கை இருந்தும் என்ன பயன்?

நோன்பு மாதம் ஒரு நல்ல வாய்ப்பு

“விட முடியலையே அண்ணே” என்று சொல்கிறவனுக்கு என்னிடம் ஒரே ஒரு பதில். தம்பி, நீ ஏற்கெனவே விட்டுவிட்டாய். ஒரு நாளில் பதின்மூன்றரை மணி நேரம், வெயிலில், பசியில், தாகத்தில் விட்டுக் காட்டினாய். மிச்சம் இருப்பது பத்தரை மணி நேரம். அதில் ஐந்தாறு மணி தூக்கத்தில் போய்விடும். ஆக, நீ வெல்ல வேண்டியது ஒரு மாலைப் பொழுதையும் ஒரு சஹர் நேரத்தையும்தான்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பகலில் மட்டும் விட்டால் பழக்கம் போகாது. நிக்கோட்டினுக்கு அடிமையான மூளை அது கிடைக்காத முதல் இரண்டு மூன்று நாள்தான் அதிகமாகத் தவிக்கும். எரிச்சல் வரும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். மூன்று நான்கு வாரத்தில் அந்தத் தவிப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். நீங்களோ தினமும் மாலையில் மறுபடி தீனி போட்டுவிடுகிறீர்கள். அதனால் முப்பது நாளும் முதல் நாளாகவே போய்விடுகிறது. வேதனையெல்லாம் பட்டுவிட்டு, பலனை மட்டும் கை நழுவ விடுகிறீர்கள். இரவையும் சேர்த்து அடைத்துவிட்டால் ஹரிராயா வரும்போது கஷ்டமான காலம் கடந்து போயிருக்கும்.

இதற்கு அரசாங்கக் கிளினிக்குகளில் உதவி உண்டு. புகைப்பதை நிறுத்த ஆலோசனை கொடுப்பார்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மெல்லும் பசை போன்றவையும் உண்டு. மெல்லும் பசை பகலில் ஆகாது. பட்டையைப் பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

நோன்பு திறக்கும்போது முதலில் தண்ணீர் குடியுங்கள். பிறகு நோன்புக் கஞ்சி. பஸாரில் வாங்கிய பொரித்த கோழியையும் இனிப்பையும் ஒரே மூச்சில் அடைத்துவிட்டுப் படுக்காதீர்கள். வயிறு புடைத்தால் மூச்சு ஏறாது. புளிப்பு நெஞ்சுக்கு ஏறினால் இருமலும் இழுப்பும் வரும். மாலையிலிருந்து சஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாக இரண்டரை லிட்டர் தண்ணீராவது உள்ளே போகட்டும். தே தாரிக்கை மட்டும் நம்பாதீர்கள்.

இழுப்பு உள்ளவர்கள், காச நோய் உள்ளவர்கள்

இதுவரை சொன்னது ஆரோக்கியமானவர்களுக்கு. ஆஸ்துமா உள்ளவன் கதை வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்தது. லொம்போக் தீவிலிருந்து வந்த ஒரு குலை வெட்டுக்காரன், வயது இருபத்து மூன்று. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தினமும் இரு வேளை இழுக்கிற மருந்தும், அவசரத்துக்கு நீலநிற மருந்தும் அவனிடம் இருந்தன. நோன்பு தொடங்கியதும் இரண்டையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். இழுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயம். யாரிடமாவது கேட்டானா? இல்லை. கேட்டால் “ஆம்பளையா நீ?” என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று வெட்கம். ஒரு வாரம் தாங்கினான். ஒரு விடியற்காலை, சஹருக்கு மற்றவர்கள் எழுந்தபோது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, வாயில் சொல் வரவில்லை. தோட்டத்தில் வண்டி இல்லை. குலை ஏற்றும் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் நான் இந்தக் கதையை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

பின்பு இமாம் வந்து அவனைப் பார்த்தார். “நோயாளி நோன்பை விட்டு, குணமான பிறகு வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறதே தம்பி, ஏன் என்னிடம் கேட்கவில்லை?” என்றார். அவன் சொன்ன பதில்: “யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, பாக்.”

இந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு தோட்டத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒரு பிள்ளைக்குக் கேட்க ஆள் தெரியவில்லை என்றால், குற்றம் அவனுடையது மட்டும்தானா?

ஆஸ்துமா உள்ள தோழர்களே, இதை மனத்தில் வையுங்கள். தினமும் இழுக்கும் மருந்தைச் சஹருக்கு ஒருமுறை, நோன்பு திறந்ததும் ஒருமுறை என்று மாற்றிக்கொள்ளலாம். அதில் பல மருந்துகள் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யக்கூடியவை. டாக்டரிடம் நோன்புக்கு முன்பே போய் இதைத் திட்டம் செய்துகொள்ளுங்கள். நோய் அடங்கியிருப்பவர்கள் பலர் இப்படிச் செய்து நல்லபடியாக நோற்கிறார்கள். அவசர மருந்தோ சட்டைப் பையிலேயே இருக்கட்டும். அதை இழுத்தால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. மூச்சு முட்டுகிறவன் அந்த விவாதத்தை முடித்துவிட்டு இழுக்க முடியாது. முதலில் இழுங்கள், உயிரைக் காப்பாற்றுங்கள், பிறகு இமாமிடம் கேட்டு, வேண்டுமானால் அந்த ஒரு நாளை ஈடு செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடத்தான் வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடில்லை.

காச நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் பேருக்குமேல் இந்த நோய் காணப்படுகிறது. மருந்து பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. நோன்பைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதை அடக்குவது பெரும்பாடு. நேரத்தை இரவுக்கு மாற்ற முடியுமா, நோன்பே நோற்கலாமா என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், அது நோன்பு வறட்சி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் சளியைக் கொடுத்துச் சோதியுங்கள்.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு

தொழிலாளியின் பழக்கத்தை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நான் சங்கப் பத்திரிகையில் எழுதுவதில் அர்த்தமில்லை. நெஞ்சுக்குப் புகை ஒரு எதிரி. தோட்டத்திலேயே வேறு எதிரிகளும் இருக்கிறார்கள்.

நம் நெஞ்சைப் பாழாக்கிய பாராகுவாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2002-ல் நம் அரசாங்கம் அதைத் தடை செய்யத் தீர்மானித்தது. 2006-ல் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை. உள்ளே போனால் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும் விஷத்தை ஒழிக்க இத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அது போயிற்று, ஆனால் மருந்து அடிக்கிற வேலை போகவில்லை. நோன்பாளிக்குத் தாகம் எடுக்கும்போது முகமூடி இன்னும் புழுக்கமாக இருக்கும். கழற்றிவிடுவான். மண்டோரும் கண்டுகொள்ள மாட்டார். மருந்துச் சாரல் வறண்ட மூச்சுக் குழலுக்குள் போகும். ஆகவே நோன்பு மாதத்தில் மருந்து அடிப்பதை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். நண்பகலில் நோன்பாளியின் முதுகில் தோம்பை ஏற்றக் கூடாது.

குலை வெட்டையும் அப்படியே செய்யலாம். வெளிச்சம் வந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் கடினமான வேலையை முடித்துக்கொள்ள முடியும். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை. பெரட்டை முன்னால் தள்ளினால் போதும். நிழலான ஓர் இடமும், மயக்கம் வந்தவனைக் கிடத்த ஓர் ஆளும், பக்கத்தில் ஒரு வண்டியும் இருக்க வேண்டும். நோன்பாளிக்கு உடம்பு தாளாமல் போகும் நாளில் இலக்குக் கணக்கைக் காட்டி மிரட்டக் கூடாது.

காட்டுத் தீப் புகை மூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005-ல் கோலச் சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும், 2013-ல் மூவாரிலும் லேடாங்கிலும் காற்றின் தூய்மைக் கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது நமக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வெளிக்காட்டில் வேலை என்பது யாருக்குமே தண்டனைதான், நோன்பாளிக்கு இரட்டைத் தண்டனை.

சட்டம் நம் பக்கம் ஒன்றுமில்லாமல் இல்லை. 1994-ம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அதைப் போக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக அதில் உரிமை இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துக் காப்பு உண்டு. இவற்றையெல்லாம் இந்தோனேசிய மொழியிலும் வங்காள மொழியிலும் அவர்களுக்கு யார் சொல்வது? தோட்டக் கமிட்டித் தலைவர்களே, நாம்தான் சொல்ல வேண்டும்.

முடிவாக

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாலை கூட்டம் போடட்டும். பள்ளிவாசல் இமாமையும் கிளினிக் டாக்டரையோ டிரெஸரையோ ஒரே மேசையில் உட்கார வையுங்கள். இழுப்பு உள்ளவன், காச நோய் மருந்து சாப்பிடுகிறவன், புகையை விட நினைக்கிறவன் எல்லாரும் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்கட்டும். மொழி புரியாதவனுக்கு ஒருவர் பெயர்த்துச் சொல்லட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு தட்டு பலகாரமும் ஒரு கலயம் தேத்தண்ணியும் போதும். “யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை” என்று இன்னொரு பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்லக் கூடாது.

நோன்பு நோற்காத தோழர்களே, நோற்கும் தம்பி முன்னால் புகையை ஊதாதீர்கள். அவன் மாலையில் விட நினைத்தால் “ஒண்ணு இழு, பரவால்ல” என்று நீட்டாதீர்கள். “ஆம்பளையா நீ?” என்ற கேள்வியை இன்றோடு குப்பையில் போடுங்கள்.

தம்பிமார்களே, உங்கள் நோன்பு உங்கள் நெஞ்சுக்கு எதிரியல்ல. பதின்மூன்றரை மணி நேரம் அது உங்கள் நெஞ்சைக் காவல் காக்கிறது. பாங்கு ஒலித்த பிறகு காவலுக்கு நிற்க வேண்டியவர் நீங்கள். இந்த ஆண்டு முதல் நோன்பு திறக்கும்போது கை சட்டைப் பைக்குப் போகும். போகட்டும். வெறுங்கையாகத் திரும்பி வரட்டும்!